மூன்று அறைத் தட்டு: நான்கு மாதப் புழக்கத்துக்குப் பிறகு

கும்பகோணம் பெரிய தெருவில் ஒரு பாத்திரக் கடையில் அறை பிரித்த தட்டு கேட்டேன். கடைப் பையன், “ஹாஸ்டலுக்கா அம்மா, மெஸ்ஸுக்கா?” என்று கேட்டுக்கொண்டே ஐந்து அறை வைத்த நீள்சதுரத் தட்டு ஒன்றை எடுத்துப் போட்டான். அது வேண்டாம், வட்டமாக வேண்டும், பாதி ஓர் அறை, மீதிப் பாதியில் கால் கால் வட்டமாக இரண்டு அறை, குறுக்களவு 9 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது என்றேன். முதலாளி என்னைக் கொஞ்சம் ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பரணில் ஆள் ஏற்றினார். தூசி தட்டிக் கீழே வந்தவை ஆறு. அதில் விளிம்பு நெளியாதவை நான்கு. தட்டு ஒன்று 190 ரூபாய். நான்கையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

இந்த நான்கு தட்டுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். 760 ரூபாய்ச் சாமானுக்கு இவ்வளவு நீளமா என்று தோன்றலாம். சர்க்கரை நோய்க்காக நாங்கள் வாங்கிய மற்ற எதுவும் நான்கு மாதம் தாக்குப்பிடிக்கவில்லை.

என் வீட்டுக்காரருக்கு வயது 64, சர்க்கரை வந்து 11 ஆண்டுகள். தை மாதப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8.4 என்று வந்தது. ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொன்ன பெண், மருந்துச் சீட்டின் பின்புறம் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு வட்டம் போட்டாள். நடுவே ஒரு கோடு, அதில் ஒரு பாதியை வெட்டி இன்னொரு கோடு. “பாதி காய், கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ, கால் பங்கு சோறு. தட்டு 9 அங்குலம்தான் இருக்க வேண்டும்” என்றாள். அமெரிக்க நீரிழிவுச் சங்கம் நெடுநாளாகச் சொல்லிவரும் முறை இது. எங்கள் வீட்டுத் தட்டுகளை அன்று மாலையே அளந்து பார்த்தேன். எல்லாம் 12 அங்குலம். பரப்பைக் கணக்கிட்டால் 9 அங்குலத் தட்டைப்போல ஒன்றே முக்கால் மடங்கு வருகிறது. பெரிய தட்டில் வைத்த சோறு எப்போதும் கொஞ்சமாகத்தான் தெரியும். இத்தனை வருடமும் கண்ணை நம்பிப் பரிமாறியிருக்கிறேன்.

தட்டுக்கு முன்னால் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் நீரிழிவுக்காரர்களுக்கென்றே சமைத்து வீட்டுக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்தில் 25 நாள் பணம் கட்டினோம். பெயர் வேண்டாம். மதியச் சாப்பாடு சில நாள் இரண்டேகாலுக்கு வந்தது; மாத்திரை போட்டுவிட்டு அதுவரை ஒரு மனிதர் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? டப்பாவைத் திறந்தால் முக்கால்வாசி வரகரிசி, ஓரத்தில் இரண்டு கரண்டி பொரியல். வரகும் சாமையும் அரிசியைவிட நார்ச்சத்து மிகுந்தவைதான். ஆனால் அவையும் மாவுப்பொருள். டப்பா நிறைய தின்றால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். இதைவிடப் பெரிய தொல்லை, வீட்டில் எல்லோரும் வத்தக்குழம்பு சாப்பிட, அவர் மட்டும் டப்பாவோடு தனியாக உட்கார்ந்திருப்பது. இருபதாம் நாள், டப்பாவையும் சாப்பிட்டுவிட்டு எங்களோடும் உட்கார்ந்துவிட்டார்.

சரி, தட்டுக்கு வருகிறேன்.

நான் தபால் நிலையக் கவுண்டரில் 31 வருடம் உட்கார்ந்தவள். சாதாரணத் தபால் என்றால் 20 கிராம் வரை ஒரு கட்டணம், ஒரு கிராம் கூடினால் அடுத்த கட்டணம். அந்தப் புத்தி இன்னும் போகவில்லை. வந்த அன்றே சமையலறைத் தராசில் தட்டை வைத்தேன்: 280 கிராம். கால் அறையில் சோற்றைப் போட்டுத் தடுப்பின் மட்டத்துக்குக் கரண்டியால் நிரவினேன்: 120 கிராம். அதில் ஏறத்தாழ 33 கிராம் மாவுச்சத்து இருக்கும். பிறகு, அவர் வழக்கமாகச் சாப்பிடுவதை அவருக்குச் சொல்லாமல் ஒருநாள் எடை போட்டேன். சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை, மூன்றும் சேர்ந்து 340 கிராம். “நான் ஒரு பிடிதான் சாப்பிடுகிறேன்” என்று 11 வருடமாகச் சொல்லிவந்தவர்.

நம் சாப்பாட்டுக்கும் அந்தப் பேனா வட்டத்துக்கும் ஒத்துப்போகாத இடம் இந்த மூன்று முறைதான். சப்பாத்தி சாப்பிடுகிறவர்களுக்கு இரண்டு என்று எண்ணி வைத்தால் முடிந்தது. நமக்கோ குழம்பு மாறினால் சோறும் மறுபடி வந்தாக வேண்டும். முதல் வாரம் 120 கிராமை மூன்றாகப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தேன். ரசத்துக்கு வந்த சோறு, நீச்சல் தெரியாதவன் குளத்தில் இறங்கியதுபோல் இருந்தது. பிறகு ஒரு வழி கிடைத்தது. சோறு சாம்பாருக்கோ குழம்புக்கோ மட்டும். ரசம் டம்ளரில், மோரும் டம்ளரில். எங்கள் வீட்டு ரசம் தனியாகக் குடிக்கத் தாங்கும். உங்கள் வீட்டில் எப்படியோ. வாரத்தில் ஒருநாள் அவர் விருப்பத்துக்குக் குழம்பை விட்டுவிட்டு மோர்ச்சோறு மட்டும்.

பாதி அறைதான் தட்டின் உயிர். மட்டமாக நிரப்பவே ஒருவருக்கு 200 கிராம் சமைத்த காய் வேண்டியிருக்கிறது. முன்பு நான்கு பேருக்கு முக்கால் கிலோ வாங்கியவள் இப்போது ஒன்றரைக் கிலோ வாங்குகிறேன். காய்ச் செலவு இரட்டிப்பு, அரிசி மூட்டை கூடுதலாகப் பத்து நாள் வருகிறது. எது காய், எது காயில்லை என்பதில் வீட்டில் வழக்காடு மன்றமே நடந்தது. உருளை, சேனை, சேம்பு, மரவள்ளி எல்லாம் சோற்று அறைக்குத்தான் போக வேண்டும் என்று நான் தீர்ப்புச் சொன்னதும், “மண்ணுக்குள்ளே விளைந்தால் குற்றமா?” என்றார். முள்ளங்கி மண்ணுக்குள்தான் விளைகிறது, அது காய் அறைக்கு வரலாம் என்றேன். சௌசௌ, புடலை, பீர்க்கை, கொத்தவரை, அவரை, வெண்டை, முட்டைக்கோஸ், கீரை என்று சுற்றிச் சுற்றி வருகிறோம். வாழைப்பூ நறுக்குவதும் கீரை ஆய்வதும் இப்போது அவர் வேலை. தட்டு யாருக்காக வந்ததோ அவர்தான் ஆய வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

பருப்புக்கான மூன்றாவது அறை, பெரும்பாலும் சைவமே சமைக்கிற எங்கள் வீட்டில் சுலபமாக நிறையாது. சாம்பாரில்தான் பருப்பு இருக்கிறதே என்பார்கள். எங்கள் வீட்டுச் சாம்பாரில் ஒரு கரண்டிக்கு எத்தனை பருப்பு இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை நம்பி அந்த அறையைக் காலியாக விட முடியாது. கொண்டைக்கடலைச் சுண்டல், பாசிப்பயறு, பருப்பு உசிலி, கெட்டிப் பருப்பில் கீரைக் கூட்டு, ஞாயிற்றுக்கிழமை மகன் வீட்டில் இருந்தால் மீன் குழம்புத் துண்டு, மற்ற நாளில் முட்டை. ராத்திரி படுக்கும்முன் ஏதாவது ஒரு பயறை ஊறப்போட்டுவிட்டால் மறுநாள் திட்டம் பாதி முடிந்தது என்று அர்த்தம். வாரத்துக்கு அட்டவணையெல்லாம் நான் எழுதுவதில்லை. ஊறுகிற பயறு ஒன்று, வாங்கிய காய் இரண்டு, இதற்கு மேல் யோசனை வேண்டியிருக்கவில்லை.

சாப்பிடும் வரிசையையும் ஆஸ்பத்திரியில் வட்டம் போட்ட அந்தப் பெண்தான் சொன்னாள்: முதலில் காய், அடுத்து பருப்பு, கடைசியில் சோறு. அப்படிச் சாப்பிட்டால் சர்க்கரை மெதுவாக ஏறும். நம் பேச்சில் பொரியலுக்கு என்ன பெயர்? தொட்டுக்கொள்ள. இப்போது எங்கள் வீட்டில் சோறுதான் தொட்டுக்கொள்ள. இதற்கு ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், பிறகு பழகிவிட்டது.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் நான் கடைக்காரருக்குச் சொந்தக்காரி என்பீர்கள். முதல் குறை, இந்தத் தட்டைச் செய்தவருக்குச் சோறு பிசைந்து சாப்பிடத் தெரியாது. கால் அறையின் கூர்முனையில் விரல் போய் முட்டுகிறது. நான்கு விரலும் உள்ளே இறங்க இடமில்லை. குழந்தைக்குப் பிசைவதுபோல் இரண்டு விரலால் பிசைகிறோம். தடுப்பின் உயரம் இரண்டு சென்டிமீட்டர் என்பதால், நீர்க்கச் சாம்பார் ஊற்றினால் அது பொரியலுக்குள் குடிபுகுந்துவிடுகிறது. குழம்பைக் கொஞ்சம் கெட்டியாக வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்தக் கூர்முனையில் காய்ந்துபோன தயிரை நகத்தால்தான் சுரண்ட வேண்டும். தட்டைக் கழுவி உடனே கவிழ்த்தால் அறைக்குள் தண்ணீர் நிற்காது. மறந்தால் வெள்ளைத் திட்டு.

காலைச் சிற்றுண்டிக்கு இது பாதிதான் உதவும். ஓர் இட்லி அறையில் படுக்கும், இரண்டாவது அதன்மேல் சாய்ந்து நிற்கும், மூன்றாவதுக்கு இடமில்லை. அது நல்லதுதான். ஆனால் தோசையை நான்காக மடிக்க வேண்டும், மடித்த தோசைக்கு மொறுமொறுப்பு கிடையாது. பாதி அறையில் காலையில் என்ன காய் வைப்பது என்று திண்டாடி, கடைசியில் சாம்பாரில் காயை இரண்டு மடங்காக்கினேன். அது சாம்பாரா கூட்டா என்று இன்னும் முடிவாகவில்லை.

என் மாமியாருக்கு 81 வயது. தட்டைப் பார்த்ததும், “இது ஜெயில் தட்டு, நான் என்ன குற்றம் செய்தேன்?” என்றார்கள். அத்தைக்குச் சர்க்கரை கிடையாது, பல்லும் கிடையாது. பழைய வட்டிலிலேயே குழையப் பிசைந்து சாப்பிடட்டும் என்று விட்டுவிட்டேன். பேத்திக்கு ஒன்பது வயது. தட்டு அவளுக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் வளர்கிற பிள்ளை. சோற்று அறை காலியானால் மறுபடி நிரப்புகிறேன். அளவு கட்டுவது தாத்தாவுக்கு மட்டும், சமையல் எல்லோருக்கும் ஒன்று. நான் தனியாக அடுப்பு மூட்டுவதில்லை.

இனி எண்கள். முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்போம். தட்டு வருவதற்கு முந்தைய வாரம் 238, 251, 229. மூன்றாவது வாரத்திலிருந்து 165க்கும் 185க்கும் இடையில் நிற்கிறது. 180க்குள் இருந்தால் போதும் என்பது டாக்டர் வைத்த எல்லை. சித்திரைக் கடைசியில் எடுத்த எச்பிஏ1சி 7.3. தட்டு மட்டும்தான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். மதியச் சாப்பாட்டுக்குப் பின் கால் மணி நேரம் திண்ணைக்கும் தெருமுனைக்குமாக நடக்கிறார்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும், தட்டு வாங்குகிறவர்கள் இதையாவது படியுங்கள். இரண்டாவது வாரம் ஒரு சாயங்காலம் ஐந்து மணிக்கு அவருக்குக் கை நடுங்கியது, நெற்றியெல்லாம் வியர்வை, என்ன கேட்டாலும் எரிச்சல். குத்திப் பார்த்தால் 62, சர்க்கரை தாழ்ந்துவிட்டது. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். 15 நிமிடம் கழித்துப் பார்த்தபோது 94. அவர் சாப்பிடும் மாத்திரைகளில் ஒன்று கிளிமிபிரைடு. வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் இன்சுலினைச் சுரக்கவைக்கும் வகை அது. 340 கிராம் சோற்றுக்கென்று எழுதிய மாத்திரையை 120 கிராம் சோற்றோடு போட்டது எங்கள் தவறு; டாக்டரிடம் சொல்லாமலே சோற்றைக் குறைத்துவிட்டோம். மறுநாள் போய்ச் சொன்னோம், அளவைக் குறைத்து எழுதினார். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் இதே கதைதான். தட்டை மாற்றும்முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

முன்பெல்லாம் “போதும், இனிச் சோறு வேண்டாம்” என்று நான் சொல்வேன், அவர் முறைப்பார், அத்தை “சாப்பிடுகிறவனைத் தடுக்காதே” என்பார்கள். இப்போது அறை நிறைந்ததும் அவரே கரண்டியை வைத்துவிடுகிறார். என்னிடம் சண்டைக்கு வந்தவருக்குத் தகரத்திடம் சண்டை போடத் தெரியவில்லை. 190 ரூபாய்க்கு இதுதான் எனக்குக் கிடைத்த லாபம். கல்யாண வீட்டில் மட்டும் தட்டு கைகொடுப்பதில்லை. போன முகூர்த்தத்தில் இலையின் நடுவே விரலால் ஒரு கோடு இழுத்து, “இந்தப் பக்கம் சோறு வைக்காதீர்கள்” என்றார். பரிமாற வந்த பையன் ஏதோ சாஸ்திரம் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டிவிட்டுப் போனான்.

வாங்கப் போகிறவர்களுக்கு: பிளாஸ்டிக்கிலும் வருகிறது, சூடான குழம்புக்கு நான் அதை வைக்க மாட்டேன். 10, 11 அங்குலத்தில் காட்டுவார்கள். கையில் அளவு நாடா கொண்டுபோங்கள், விளிம்பு முதல் விளிம்பு வரை 9க்கு மேல் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். தடுப்பும் அடித்தட்டும் ஒரே தகட்டில் அழுத்தி எடுத்ததாக இருக்க வேண்டும், பற்றவைத்ததில் இடுக்கில் அழுக்குச் சேரும். தடுப்பின் மேல்முனையைச் சுட்டுவிரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள். என் நான்கில் ஒன்று கீறியது; அதை அரைத் தாள் உப்புக்காகிதத்தால் நானே தேய்த்துச் சரிசெய்தேன்.