ஐஸ்லாந்துக் குதிரைப் பண்ணை: ஏப்ரலா, மே மாதக் கடைசியா?

குடும்பமாக நடத்தும் குதிரைப் பண்ணையில் வசந்தத்தைக் கழிக்க நினைத்தால் முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்.

ஏப்ரலில் குதிரைகளின் குளிர்கால முடி உதிரும். ஒருமுறை சீவினால் கைநிறைய வரும்; எதிர்க்காற்று அடித்தால் பாதி உங்கள் வாயில். புல் இன்னும் பழுப்புதான். ஆனால் விருந்தினர் குறைவு, வீட்டார் காபியோடு உட்கார்ந்து பேசுவார்கள். ஏப்ரல் 19க்கும் 25க்கும் இடையே வரும் வியாழக்கிழமைதான் அங்கே ‘கோடையின் முதல் நாள்’. வெளியே பனி கொட்டினாலும் கொண்டாட்டம் உண்டு!

மே கடைசி என்றால் குட்டிகள். பதினோரு மாதம் சுமந்த தாய்க்குதிரை பெரும்பாலும் திறந்த புல்வெளியிலேயே ஈனும். ஈரம் காயாத குட்டி எழ முயலும்போது குச்சிக்கால்கள் நான்கும் நான்கு திசைக்குப் போகும்; விழும், மறுபடி எழும். இதற்காகவே என் ஓட்டு மே மாதத்துக்கு. இரவு முழுதாக இருட்டாது என்பதால், அறையில் தடித்த திரைச்சீலை உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். செம்மறிகளும் அப்போதே ஈனுவதால் வீட்டார் தூக்கமின்றி அலைவார்கள். அரட்டைக்கு ஆள் கிடைக்காது.

எந்த மாதமானாலும் பழைய சேணம், கடிவாளத்தை மூட்டை கட்டாதீர்கள். நோய் பரவும் என்று வெளிநாட்டில் பயன்படுத்தியவற்றுக்குத் தடை.