இருபடிச் சமன்பாடு: காரணி பிரிப்பதா, வர்க்கப் பூர்த்தியா, சூத்திரமா?

ஒரே கணக்கை எல்லா முறையிலும் போட்டுப் பார்த்தால்தான் எது எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும் என்பது தெரியும். 6ய² + 7ய − 20 = 0 என்பதை எடுத்துக்கொள்வோம். பாடநூலில் எக்ஸ் வரும் இடத்தில் இங்கே ய. கெழுக்கள் வரிசையாக அ = 6, ஆ = 7, இ = −20.

நடு உறுப்பைப் பிரித்தல்

அ × இ = −120. பெருக்கினால் −120, கூட்டினால் 7 வரும் இரண்டு எண்கள் வேண்டும். மாணவர்கள் 1 × 120, 2 × 60 என்று ஆரம்பித்து வெகுநேரம் தேடுவார்கள். பெருக்கல் பலன் குறை எண் என்பதால் இரண்டு எண்களின் வித்தியாசம் 7 ஆக வேண்டும். வித்தியாசம் சிறியது, ஆகவே 120-இன் வர்க்கமூலத்துக்குப் பக்கத்திலிருந்து, அதாவது 11-ஐ ஒட்டித் தேடச் சொல்லுங்கள். 10 × 12 வித்தியாசம் 2. அடுத்தது 8 × 15, வித்தியாசம் 7. கிடைத்துவிட்டது: 15, −8.

6ய² + 15ய − 8ய − 20
= 3ய(2ய + 5) − 4(2ய + 5)
= (2ய + 5)(3ய − 4)

ஆகவே ய = −5/2 அல்லது 4/3.

இங்கே இரண்டு இடங்களில் வழுக்கும். முதலாவது, அ × இ எடுக்காமல் −20-ஐ மட்டும் வைத்துத் தேடுவது. 20-இன் காரணிச் சோடிகளின் வித்தியாசம் 19, 8, 1. எதிலும் 7 இல்லை. உடனே ‘காரணிப்படுத்த முடியாது’ என்று எழுதிவிடுவார்கள். அ = 1 உள்ள கணக்குகளையே அதிகம் போட்டுப் பழகியதால் வரும் தவறு இது. இரண்டாவது, −8ய − 20-இலிருந்து −4-ஐ வெளியே எடுக்கும்போது −4(2ய − 5) என்று எழுதுவது. இரண்டு அடைப்புக்குறிகளும் ஒன்றுபோல் இல்லாவிட்டால் குறியில் பிழை என்று அந்த வரியிலேயே பிடித்துவிடலாம். சொந்தப் பிழையைத் தானே காட்டிக்கொடுப்பதால்தான் தொடக்க மாணவருக்கு இந்த முறையையே முதலில் தர வேண்டும் என்கிறோம்.

குறுக்குவழி

15-ஐயும் −8-ஐயும் அ-வால் வகுத்து, 15/6 = 5/2, −8/6 = −4/3 எனச் சுருக்கி, நேராக (2ய + 5)(3ய − 4) என்று எழுதும் வழக்கம் பரவலாக இருக்கிறது. வேகமானது, சரியான விடையும் வந்தது. ஆனால் 12ய² + 14ய − 40 என்ற கோவையைக் காரணிப்படுத்தச் சொல்லிப் பாருங்கள். எண்கள் 30, −16. 12-ஆல் வகுத்துச் சுருக்கினால் மறுபடியும் (2ய + 5)(3ய − 4)தான் வரும். பொதுக் காரணி 2 காணாமல் போய்விட்டது! சமன்பாட்டின் தீர்வுக்கு அதனால் கேடில்லை; ‘காரணிப்படுத்துக’ என்ற கேள்விக்கு விடை தவறு. தவிர, 5/2, −4/3 என்பவற்றையே மூலங்கள் (அதாவது தீர்வுகள்) என்று குறி மாற்றாமல் எழுதுவோரும் உண்டு. பொதுக் காரணியை முதல் வரியிலேயே வெளியே எடுக்கும் பழக்கம் வந்த பிறகே இந்தக் குறுக்குவழியைக் காட்டலாம்.

வர்க்கப் பூர்த்தி

வழக்கமான முறையில் 6-ஆல் வகுத்ததும் ய² + (7/6)ய = 10/3. பிறகு 7/12-இன் வர்க்கத்தை இருபுறமும் கூட்ட வேண்டும். பின்னத்தில் தடுமாறும் பிள்ளைக்கு இது தண்டனை. பண்டைய இந்தியக் கணித அறிஞர் ஸ்ரீதரர் சொன்ன வழி இதைவிட எவ்வளவோ தெளிவு: வகுக்காதீர்கள், 4அ-வால் பெருக்குங்கள். 24-ஆல் பெருக்கினால் 144ய² + 168ய = 480. இருபுறமும் ஆ², அதாவது 49 கூட்டினால் (12ய + 7)² = 529. ஆகவே 12ய + 7 = ±23. பின்னம் கடைசி வரியில்தான் எட்டிப் பார்க்கிறது. சூத்திரம் எங்கிருந்து வருகிறது என்பதும் இதே மூன்று வரிகளில் புரிந்துவிடும்.

தீர்வு மட்டும் வேண்டுமென்றால் இந்த முறை சற்று நீளம். சிறும மதிப்பு கேட்டால் இதற்கு இணை இல்லை: ய² − 6ய + 11 = (ய − 3)² + 2 என்று எழுதியதும், மதிப்பு 2-க்குக் கீழே போகாது, மெய் மூலமும் இல்லை என்று இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன.

சூத்திரம்

ய = (−ஆ ± √(ஆ² − 4அஇ))/(2அ); இங்கே ய = (−7 ± √529)/12. எந்த இருபடிச் சமன்பாட்டுக்கும் பொருந்தும், தேட வேண்டியதில்லை. தவறுகள் பெரும்பாலும் மூன்று: ஆ குறை எண்ணாக இருக்கும்போது −ஆ மிகை ஆவதை மறப்பது; (−5)²-ஐ −25 என்று எழுதுவது; வர்க்கமூலத்தை மட்டும் 2அ-வால் வகுத்து −ஆ-வை அப்படியே விடுவது. பகுதிக்கோட்டை −ஆ-வின் அடியிலிருந்தே இழுக்கச் சொன்னால் மூன்றாவது தவறு குறையும்.

எதை எப்போது?

தேர்வில் முதலில் ஆ² − 4அஇ-ஐக் கணக்கிடுவதே நல்லது. கெழுக்கள் முழு எண்களாக இருந்து, அது முழு வர்க்கமானால் (இங்கே 529 = 23²) காரணி பிரியும்; தேடலாம். ய² − 5ய − 7 = 0 என்றால் 25 + 28 = 53. 2, 3, 7, 8-இல் முடியும் எண் முழு வர்க்கமாகாது. தேடி நேரத்தை வீணாக்காமல் சூத்திரத்துக்குப் போய்விடலாம். ஆ² − 4அஇ குறை எண்ணாக வந்தால் மெய் மூலம் இல்லை.

எந்த முறைக்கும் முன்னால் வலப்பக்கம் 0 ஆக வேண்டும். (ய − 3)(ய + 2) = 6 என்பதில் ஒவ்வொரு காரணியையும் 6-க்குச் சமமாக்குவது அடிக்கடி நடக்கிறது; விரித்து ய² − ய − 12 = 0 ஆக்கினால்தான் 4, −3 கிடைக்கும். 3ய² = 12ய என்பதை ய-ஆல் வகுத்தால் ய = 0 என்ற தீர்வு தொலைந்துபோகும்.

விடையைச் சரிபார்க்க மூலங்களின் கூட்டல் −ஆ/அ, பெருக்கல் இ/அ என்பதே போதும். −5/2 + 4/3 = −7/6; (−5/2) × (4/3) = −20/6.