பெட்டைப் பூனைக்கு ஒரு ஈத்தா, நேரே ஆபரேஷனா?

மும்பையில் செம்பூர், மாட்டுங்கா பக்கம் தமிழ் வீடுகளில் பெட்டைப் பூனை வளர்த்தால் யாராவது ஒரு பெரியம்மா சொல்லிவிடுவார்: “பாவம், ஒரு தடவையாவது குட்டி போடட்டும், அப்புறம் கருத்தடை ஆபரேஷன் பண்ணிக்கோ.” கேட்க இதமாகத்தான் இருக்கிறது. பூனையின் உடம்புக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை.

பூனைக்குப் பால்மடியில் கட்டி வந்தால் பெரும்பாலும் அது புற்றுநோய்தான். 2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஆறு மாதத்துக்குள் கருத்தடை செய்த பூனைகளுக்கு அந்த அபாயம் 91 சதவீதம் குறைவாக இருந்தது. ஒரு வயதுக்குள் என்றால் 86. இரண்டு வயதைத் தாண்டிச் செய்ததில் பலனே தெரியவில்லை. குட்டி போட்டதா இல்லையா என்பதால் எந்த வித்தியாசமும் இல்லை. ஹீட்டுக்கு, அதாவது இணை சேரத் தேடும் பருவத்துக்கு, காத்திருந்து, சினை ஒன்பது வாரம், பாலூட்டல் எட்டு வாரம் என்று போனால் அந்த ஆறு மாதம் எப்போதோ கடந்திருக்கும். பால் கொடுக்கும்போதே மறுபடி சினையாகிற பூனைகளும் உண்டு.

“பெர்சியன் குட்டிக்கு நல்ல விலையாமே?” என்பது அடுத்த கேள்வி. பெர்சியன் இனத்தில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டி வருவது பரம்பரை நோய். தாய், தகப்பன் இரண்டுக்கும் சோதனை செய்யாமல் சேர்த்தால் குட்டிக்கும் போகலாம். தட்டை மூஞ்சிப் பூனைக்குப் பிரசவமே சிக்கலாகி, நள்ளிரவில் சிசேரியனுக்கு ஓட நேரலாம். குட்டிகள் குறைந்தது எட்டு வாரம் தாயோடு இருக்க வேண்டும்; தடுப்பூசிச் செலவும் நம் கணக்கில்தான். ஒரு பெட்ரூம் ஃப்ளாட்டில் இதையெல்லாம் சமாளித்து, எல்லாக் குட்டிக்கும் வீடும் பேசி வைத்திருப்பவர் ஈத்து எடுக்கட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை.

இரண்டும் வேண்டாம் என்று சும்மா விட்டால்? இணை சேராத பூனைக்குப் பொதுவாகக் கருமுட்டை வெளிவராது. அதனால் இரண்டு மூன்று வாரத்துக்கொரு முறை ஹீட் திரும்பத் திரும்ப வரும். தரையில் புரண்டு, பின்பக்கத்தைத் தூக்கி, ராத்திரி முழுக்கக் கத்தும். குடியிருப்பில் திரியும் கடுவன் பூனைகள் கிரில்லுக்கு வெளியே வரிசைகட்டும். ஹீட்டை நிறுத்த ஹார்மோன் ஊசி போடுகிறார்கள். கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கவும் மடியில் கட்டி வரவும் அதுவே காரணமாகலாம் என்பதால் எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை.

ஆபரேஷனிலும் மயக்க மருந்தின் அபாயம் உண்டு, சிறிதுதான். தையல் ஆற பத்து நாள் ஆகும். தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் கோன் மாட்டினால் சுவரெல்லாம் இடித்துக்கொண்டு நடக்கும். பிறகு பசி கூடி எடை ஏறும், தீனியைக் குறைக்க வேண்டும். பரேலில் ஊரே ‘பைல் கோடா’ என்கிற பழைய பிராணி ஆஸ்பத்திரியோ, பக்கத்து கிளினிக்கோ, ஐந்தாவது மாதத்திலேயே தேதி கேட்டுவிடுங்கள். வீட்டில் கடுவனும் இருந்தால் அதற்கும் சேர்த்தே கேளுங்கள். விதை எடுத்த பிறகும் சில வாரம் அதனால் சினையாக்க முடியும், அதுவரை இரண்டையும் தனித்தனி அறையில் வையுங்கள்.