அம்மாவுக்கு வாங்கிய பெரிய எழுத்து வேதாகமம்

போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் வாங்கினேன், ஆறேழு மாதம் தினமும் புழங்கிய பிறகு எழுதுகிறேன். அம்மாவுக்கு 72 வயது, இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது, பழைய வேதாகமத்தில் கண்ணாடி போட்டாலும் எழுத்து கலங்குகிறது என்றார். முதலில் ஆன்லைனில் போட்டது அட்டை முனை நசுங்கி வந்தது. அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, மயிலாடுதுறையில் ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடையில் கையில் எடுத்துப் பார்த்து வாங்கினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், எழுத்தின் அளவு படத்தில் தெரியாது.

எழுத்து அருமை. மெய்யெழுத்தின் புள்ளிகூட மறையவில்லை. தாள் மெல்லியது, பின்பக்கம் லேசாகத் தெரியும், பழகிவிடும். கனம் அதிகம் என்பதால் அம்மா தலையணை மேல் வைத்துத்தான் படிக்கிறார். இயேசு பேசும் வசனங்கள் சிவப்பில் இருக்கின்றன, ராத்திரி டியூப்லைட்டில் அந்தச் சிவப்பு மங்குகிறது, அதற்காக ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன்.

எங்கள் ஊர் தரங்கம்பாடிப் பக்கம். 1706-ல் அங்கே வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, தமிழ்ப் புதிய ஏற்பாட்டை 1715-க்குள் அச்சடித்து முடித்தார். ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த அச்செழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தை விழுங்கியதால், இங்கேயே சின்ன எழுத்து வார்த்துக்கொண்டார்கள். அந்தப் பஞ்சம் இன்று இல்லை, அம்மாவின் கண்ணுக்கேற்ற எழுத்து கடையிலேயே கிடைக்கிறது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

சரி, எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். அப்பா தவறிய பிறகு பங்காளி ஒருவர் வரப்பை இரண்டடி எங்கள் பக்கம் வெட்டிப் போட்டுக்கொண்டார். வழக்கு ஐந்து வருஷமாக வாய்தாவிலேயே ஓடுகிறது. இந்த வேதாகமம் வந்த வாரமே நான் உபாகமம் 27-ஐத் தேடியெடுத்து, பிறனுடைய எல்லைக்குறியை ஒற்றிப்போடுகிறவன் சபிக்கப்பட்டவன் என்ற வசனத்தின் கீழ் பென்சிலால் கோடு போட்டு, ராத்திரி குடும்ப ஜெபத்தில் சத்தமாக வாசித்தேன். அம்மா ஆமென் சொல்லவில்லை. புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து லூக்கா 18-ஐ எடுத்தார். இடப்பக்கத்தில் இயேசு சொன்ன உவமையின் விதவை, எனக்கு நியாயம் செய்யும் என்று விடாமல் போய் நிற்கிறாள், அநீதியுள்ள நியாயாதிபதியே கடைசியில் அவளுக்கு இறங்கி வருகிறான். நம்ம கதைதான் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அம்மாவின் விரல் நிற்காமல் வரி வரியாக நகர்ந்து வலப்பக்கத்தில் அடுத்த உவமையின் ஆயக்காரனிடம், அதாவது வரி வசூலிக்கிறவனிடம், போனது. கண்ணை ஏறெடுக்கக்கூடத் துணியாமல் மார்பில் அடித்துக்கொண்டு, "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்கிறான்.

"நியாயம் அவர் செய்வாருடா. கேக்கப் போறவன் எப்படி நிக்கணும்னு அடுத்தாப்புலயே சொல்லியிருக்காரு பாரு" என்றார் அம்மா.

சின்ன வயதிலிருந்து ஆலயத்தில் இரண்டு உவமையையும் தனித்தனிப் பிரசங்கமாகக் கேட்டிருக்கிறேன், அடுத்தடுத்து இருப்பதைக் கவனித்ததே இல்லை. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. தண்ணீர் தட்டுப்பாடான ஒரு வருஷம், அதே பங்காளியின் முறை நாளில், இருட்டில் மடையைத் திறந்து எங்கள் வயலுக்குத் தண்ணீர் விட்டவன் நான். அதை யாரிடமும் சொன்னதில்லை, ஜெபத்திலும் சொன்னதில்லை. அன்றைக்குத்தான் முழங்கால் போட்டுச் சொன்னேன். அப்புறம் நியாயத்தையும் கேட்டேன், ஆனால் அந்த மனிதருக்குக் கெடுதல் வரவேண்டும் என்ற வார்த்தை வாயில் வரவில்லை. வழக்கு நடக்கிறது, வாபஸ் வாங்கவில்லை. அந்த விதவையும் விட்டுவிட்டுப் போகவில்லையே. தண்ணீர் திருடியதைப் பங்காளியிடம் நேரில் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை, அதற்காகவும் தினமும் ஜெபிக்கிறேன்.

வயதான அம்மா அப்பா இருக்கிற வீட்டுக்கு யோசிக்காமல் வாங்கலாம். ஜிப் உறை உறுதியாக இருக்கிறது. நாடா ஒன்றுதான் வைத்திருக்கிறார்கள், இரண்டு வைக்கலாம். இருக்கிற ஒன்றை அம்மா லூக்கா 18-ல் போட்டுவிட்டதால், சங்கீதத்துக்கு ஒரு பஸ் டிக்கெட்டை மடித்து வைத்திருக்கிறோம்.