அமுக்கிரா விதைப் பொட்டலம்: விதையில் குறையில்லை, குறிப்பில்தான் குறை

கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்த மூலிகைச் செடியான அமுக்கிராவின் (அஸ்வகந்தா) விதையை எங்கள் ஊர் விதைக் கடையொன்றில் 50 ரூபாய்க்கு வாங்கி, மாடித் தொட்டிகளில் விதைத்து வளர்த்தேன். விதையைப் பற்றிக் குறை கூற இடமில்லை. வெளிர் மஞ்சள் நிறத்தில், தூசி தும்பின்றிச் சுத்தமாக இருந்தது. மணலுடன் கலந்து மேலாகத் தூவியதில் பெரும்பகுதி இரண்டு வாரத்துக்குள் முளைத்துவிட்டது.

பொட்டலத்தின் பின்புறக் குறிப்போ வேறு ஏதோ பூச்செடிக்கு எழுதியது போலிருக்கிறது. நாள்தோறும் நீர் ஊற்றுமாறும், தொழுவுரம் தாராளமாக இடுமாறும் அது கூறுகிறது. மத்தியப் பிரதேசத்தின் மந்த்சோர், நீமச் மாவட்டங்களில் பருவமழை ஓயத் தொடங்கும் வேளையில், வளம் குறைந்த நிலத்திலும் மானாவாரியாக விதைத்து எடுக்கும் பயிர் இது. நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். இந்தச் செடியில் நாம் நாடுவதே அந்த வேரைத்தான். வடிகால் நன்கு அமைந்த மணற்பாங்கான செம்மண்ணும், வேர் நேராக இறங்குவதற்கேற்ற ஆழமுள்ள தொட்டியும் தேவை என்பதைக் குறிப்பு சொல்லவே இல்லை. ஜவகர் அஸ்கந்து 20, போஷிதா என வெளியிடப்பட்ட ரகங்கள் இருக்க, உள்ளே இருப்பது எந்த ரகம் என்பதோ, விதை எந்த ஆண்டுக்குரியது என்பதோ அச்சிடப்படவில்லை.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், இலையைத் தேநீராகக் காய்ச்சி அருந்தலாம் என்று எழுதியிருப்பதைப் பொறுத்துக்கொள்ள இயலாது. மருந்து தயாரிப்பாளர்கள் அமுக்கிரா இலையைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஆயுஷ் அமைச்சகம் 2021 ஆம் ஆண்டிலேயே அறிவுறுத்தியிருக்கிறது.

விதைத்து 150 முதல் 180 நாளில், இலைகள் காய்ந்து, சொடக்குத் தக்காளியைப் போல உறைக்குள் இருக்கும் சிறு பழங்கள் சிவந்ததும், செடியை வேரோடு பிடுங்க வேண்டும். தொட்டிகளில் கிடைக்கும் வேர் சொற்பமே என்பதால், சூரணத்துக்காக மட்டும் வளர்க்க எண்ணுபவர் நாட்டு மருந்துக் கடையில் உலர்ந்த கிழங்காகவே வாங்கிக்கொள்வது சிக்கனம். செடியை அறிந்துகொள்ளும் ஆவலுள்ளவர்கள் பின்புறக் குறிப்பைப் புறக்கணித்துவிட்டுத் தாராளமாக இதை வாங்கலாம். வயலில் பயிரிட நினைப்பவர்களுக்கு இது உதவாது. நேரடி விதைப்புக்கு எக்டருக்கு 10 முதல் 12 கிலோ விதை தேவைப்படும் என்பதால், ரகமும் முளைப்புத்திறனும் குறிக்கப்பட்ட சான்று விதையைத் தேடிக்கொள்வதே முறை.