நாய்க்குட்டிக்குப் பச்சை இறைச்சி உணவு வாங்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

எங்களுக்கு 'முழுமையான சமச்சீர் உணவு' என்று சொல்லி விற்றது முழுமையும் இல்லை, சமச்சீரும் இல்லை. அதைச் சாப்பிட்டு வளர்ந்த எங்கள் லாப்ரடார் குட்டிக்கு ஓடி விளையாட வேண்டிய வயதில் கால் எலும்பு விரிசல் கண்டது. இன்னொரு குட்டிக்கு இப்படி ஆகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

விற்றவர் தன்னை நாய் உணவு ஆலோசகர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். குட்டியின் இனம், வயது, எடை எல்லாம் கேட்டு ஓர் அட்டவணை அனுப்பினார். எலும்போடு சேர்த்து அரைத்த இறைச்சி, கால்சியம் கணக்கெல்லாம் சரியாக இருக்கும், கூட வேறு எதுவும் கொடுத்தால் சமநிலை கெட்டுவிடும் என்று உறுதியாகச் சொன்னார். உறைந்த பொட்டலங்கள் வாராவாரம் வந்தன.

முதலில் நன்றாகத்தான் இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. குட்டி தட்டை நக்கி முடிக்கும். மலம் அளவில் குறைந்து கெட்டியானது. முடி பளபளத்தது. இந்த உணவுமுறையைப் பாராட்டுகிறவர்கள் சொல்லும் நன்மைகள் பெரும்பாலும் இவைதான், இவை பொய்யும் இல்லை. இறைச்சி நன்றாகச் செரிக்கும், நார் குறைவு, கொழுப்பு அதிகம், அதனால் வருகிற மாற்றங்கள். ஆனால் முடியின் பளபளப்பைப் பார்த்து எலும்பின் நிலையைச் சொல்லிவிட முடியாது.

அப்புறம் வயிற்றுப்போக்கு வந்தது. கேட்டதற்கு, "உடம்புல இருக்கிற பழைய கழிவெல்லாம் வெளியே போகுது மேடம், நிறுத்திடாதீங்க" என்று பதில் வந்தது. கொஞ்ச நாளில் குட்டி நொண்ட ஆரம்பித்தது. அதற்கு, "பெரிய இனம்ல, வளர்ச்சி வலி சகஜம்" என்றார். பெரிய இனக் குட்டிகளுக்கு அப்படி ஒரு வலி உண்மையிலேயே வரும். அதனால்தான் இந்தப் பதில் ஆபத்தானது. பரிசோதிக்காமல் யாரும் அதைச் சொல்லக் கூடாது.

எக்ஸ்ரேயில் எலும்பு நல்ல வெள்ளையாகத் தெரிய வேண்டும். எங்கள் குட்டியின் தொடை எலும்பு, சுற்றியிருந்த சதையிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாத அளவுக்கு மங்கிக் கிடந்தது. ஓரிடத்தில் லேசாக மடிந்தது போல ஒரு விரிசல். கால்நடை மருத்துவர் உடனே, "அந்தப் பாக்கெட்டைக் கொண்டு வந்திருக்கீங்களா?" என்றார். லேபிளில் இருந்தது இவ்வளவுதான்: கோழி இறைச்சி, ஈரல், இதயம். எலும்பு இல்லை. கால்சியம் தரும் வேறு எந்தப் பொருளும் இல்லை. எந்த வயது நாய்க்கு என்ற வரியும் இல்லை.

மருத்துவர் விளக்கியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாயின் உணவில் கால்சியம் குறைந்தது பாஸ்பரஸ் அளவுக்காவது இருக்க வேண்டும், அதிகபட்சம் அதைப் போல இரு மடங்கு. எலும்பில்லாத இறைச்சியில் இது தலைகீழ். பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம், கால்சியம் மிகச் சொற்பம். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து அதை இழுத்து ஈடுகட்டும். வளரும் குட்டிக்கு அந்த இழப்பைத் தாங்கும் சேமிப்பு கிடையாது. சரி, கால்சியம் மாத்திரை கொடுத்தால் போதாதா என்று கேட்டேன். கூடாது என்றார். சிறு குட்டிகளின் குடலுக்குத் தேவைக்கு மிஞ்சிய கால்சியத்தைத் தடுக்கத் தெரியாது, பெரிய இனங்களில் அது கூடினாலும் எலும்பு வளர்ச்சி கோணலாகும்.

அடுத்து அவர் கேட்டதுதான் என்னை உலுக்கியது. "வீட்ல சின்னக் குழந்தை இருக்கா?" இருக்கிறாள், தவழ்கிற வயது. விற்றவர் குட்டியைப் பற்றி அத்தனை கேட்டாரே, இதைக் கேட்கவே இல்லை. உறைய வைத்ததால் கிருமியெல்லாம் செத்துவிடும் என்றுதான் அவர் விளம்பரத்தில் இருந்தது. அது தவறு. குளிர் சில ஒட்டுண்ணிகளைக் கொல்லும், சால்மோனெல்லா போன்ற பாக்டீரியாவைத் தூங்கத்தான் வைக்கும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010 முதல் 2012 வரை நடத்திய ஆய்வில், விற்பனையில் இருந்த 196 பச்சை உணவு மாதிரிகளில் 15-இல் சால்மோனெல்லாவும், 32-இல் மனிதருக்கும் நோய் தரும் லிஸ்டீரியா மோனோசைட்டோஜீனஸ் என்ற பாக்டீரியாவும் இருந்தன. நெதர்லாந்தில் 2018-இல் வெளியான ஆய்வில் பார்த்த 35 உறைந்த பொட்டலங்களில் 28-இல், பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா வகை இருந்தது. நாயின் வயிற்று அமிலம் எல்லாவற்றையும் அழித்துவிடும் என்பார்கள். நோய் அறிகுறியே இல்லாத நாயின் மலத்திலும் சால்மோனெல்லா வெளியேறுகிறது. அதே நாய்தான் குழந்தையின் கையை நக்குகிறது. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012-லிருந்தே இந்த உணவுமுறை வேண்டாம் என்று சொல்லி வருவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

எக்ஸ்ரேயை அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். நாங்கள் வேறு ஏதோ கொடுத்திருப்போம் என்றார். எலும்போடு அரைத்தது என்றீர்களே, லேபிளில் இல்லையே என்று கேட்டதற்கு, "ஃபார்முலா ரகசியம், வெளியில் சொல்ல முடியாது" என்றார். பிறகு என்னை வாடிக்கையாளர் குழுவிலிருந்து நீக்கிவிட்டார். சில நாள் கழித்து அவருடைய பக்கத்தில் 'வளர்ந்த நாய்களுக்கு மட்டும்' என்று புதிதாக ஒரு வரி முளைத்தது. பணம் வரவில்லை. பழைய விளம்பரத்தையும் உரையாடலையும் சேமித்து வைத்திருக்கிறேன். நீங்களும் வாங்கும் நாளிலேயே சேமித்துக்கொள்ளுங்கள்.

பச்சை உணவு கொடுக்கும் எல்லோரையும் நான் குறை சொல்லவில்லை. வளர்ந்த, ஆரோக்கியமான நாய், வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ நோயாளியோ இல்லை, உணவை வகுத்தவர் கால்நடை ஊட்டச்சத்தில் முறையாகப் பயிற்சி பெற்றவர் என்றால் ஆபத்து குறைவு. அப்போதும் இல்லாமல் போகாது. கடினமான எலும்பைக் கடித்துப் பல் உடைவதும், துண்டு உணவுக்குழாயில் சிக்குவதும் தனிக் கணக்கு. என்னைக் கேட்டால், கிடைக்கிற நன்மைக்கு இவ்வளவு தேவையில்லை. இறைச்சியை வேக வைத்தாலே கிருமிப் பயம் பெரும்பாலும் போய்விடும். கால்சியம் குறை மட்டும் வேக வைத்தாலும் அப்படியேதான் இருக்கும், அதற்கு முறையாக வகுத்த உணவுதான் வழி. எலும்பை மட்டும் வேக வைத்துக் கொடுத்துவிடாதீர்கள், அது கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கும்.

எங்கள் குட்டி இப்போது குட்டிகளுக்கென்று வகுத்த முழு உணவுக்கு மாறிவிட்டது. கூண்டு ஓய்வில் இருக்கிறது, எலும்பு தேறி வருவதாக மருத்துவர் சொல்கிறார். இதே மாதிரி அட்டவணையில் நீங்கள் குட்டி வளர்த்துக்கொண்டிருந்தால், அது நொண்டும் வரை காத்திருக்க வேண்டாம். நீங்களாக மாத்திரையும் தொடங்க வேண்டாம். பொட்டலத்தை லேபிளோடு எடுத்துக்கொண்டு இந்த வாரமே கால்நடை மருத்துவரைப் பாருங்கள்.