இரண்டாவது தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்

போன வாரம் என் பழைய கால்பந்து ஏஜென்டிடமிருந்து ஒரு செய்தி வந்தது. நலம் விசாரித்துவிட்டு, "விங்கில் ஆடுகிற சின்னப் பையன் யாராவது உனக்குத் தெரியுமா? இடது கால் ஆட்டக்காரன் என்றால் இன்னும் நல்லது. வெளிநாட்டில் ஓர் இடம் இருக்கிறது" என்று கேட்டிருந்தார். என் ஐந்து மாத உழைப்புக்கான காசு மண்ணாகப் போனபோது பக்கத்தில் நின்று பேனா எடுத்துக் கொடுத்தவர் இவர்தான். செய்தியைப் படித்ததும் வந்த எரிச்சலில் இதை எழுதுகிறேன். அவர் பெயரையும் கிளப்பின் பெயரையும் நாட்டின் பெயரையும் எழுதவில்லை. நான் கேள்விப்பட்டவரை இதே வேலையை இன்னும் பல இடங்களில் செய்துகொண்டிருக்கிறார்கள்.

நான் வலது பக்கம் ஆடும் இடது கால் விங்கர், அதாவது மைதானத்தின் ஓரமாகப் பந்தோடு ஓடித் தாக்குகிறவன். நான்கு நாடுகள், ஏழு கிளப்புகள். இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு மரியாதை வரும், அப்புறம் அர்ஜென்டினா விங்கர் டி மரியா பேச்சு வரும். அர்ஜென்டினா, போர்ச்சுகல், ஸ்பெயின், இங்கிலாந்து, பிரான்ஸ், இத்தாலி என்று அவரும் சுற்றியவர்தான். ஆனால் அவரைக் கிளப்புகள் தேடி வந்து வாங்கின. என் மாதிரி ஆட்கள் நாடு மாறுவதற்குப் பாதி நேரம் காரணம், முந்தைய கிளப் சம்பளம் தரவில்லை என்பதுதான். ஆட்டக்காரர்களின் உலகச் சங்கமான ஃபிஃப்ப்ரோ 2016-இல் ஒரு கணக்கெடுப்பு வெளியிட்டது. 54 நாடுகளில் ஏறத்தாழ 14,000 பேரிடம் கேட்டதில், முந்தைய இரண்டு சீசன்களில் சம்பளம் தாமதமானது என்றவர்கள் 41 சதவீதம்.

இதில் விங்கர் கொஞ்சம் சுலபமாகவே சிக்குவான். நடுவில் நின்று தடுக்கும் சென்டர் பேக்கின் அருமை தொண்ணூறு நிமிடம் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். விங்கரை விற்க நான்கு நிமிட வீடியோ போதும். ஓரத்தில் தடுக்கும் ஃபுல் பேக்கைத் தாண்டி ஓடியது, உள்ளே வெட்டித் தூரத்துக் கம்பத்துக்கு அடித்தது, ஒரு பந்தைக் கால்களுக்கு நடுவே விட்டது, பின்னணியில் சத்தமான பாட்டு. அந்த வீடியோவில் பந்தைப் பறிகொடுத்த முப்பது தடவையும் இருக்காது. வாங்குகிறவனும் சீக்கிரம் முடிவெடுப்பான், விற்கிறவனும் சீக்கிரம் விற்பான். எங்கள் பிழைப்பே ஸ்பிரின்ட்தான். தொடைப் பின்தசை ஒருமுறை கிழிந்தால் அந்த முதல் ஐந்து மீட்டர் வேகம் திரும்பி வருமா என்ற பயம் எப்போதும் இருக்கும். அந்த அவசரம் எங்கள் முகத்திலேயே எழுதியிருக்கும், ஏஜென்டுகள் அதைப் படித்துவிடுவார்கள்.

இரண்டாவது நாட்டில் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தத்தில் இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். முழங்காலில் ஏதோ இருக்கிறது, மெடிக்கலில் தேறவில்லை, ஒப்பந்தம் செல்லாது என்று திருப்பி அனுப்பினார்கள். விதி என்று நினைத்துப் பெட்டியைக் கட்டினேன். விதி வேறு மாதிரி இருந்தது, உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதியைச் சொல்கிறேன். மெடிக்கல் சரியாக வருவதையோ வேலை அனுமதி கிடைப்பதையோ ஒப்பந்தம் செல்லுபடியாவதற்கு நிபந்தனையாக வைக்க முடியாது என்று அதன் டிரான்ஸ்பர் விதிமுறையில் தெளிவாகவே இருக்கிறது. ஸ்கேன் எடுப்பதென்றால் கையெழுத்துக்கு முன்னால் எடுக்க வேண்டும். எனக்கு அப்போது தெரியாது. ஏஜென்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, மூன்றாவது நாடு.

2018 ஜூலை. மேஜையில் இரண்டு ஒப்பந்தங்கள். ஒன்று வேலை ஒப்பந்தம், அந்த நாட்டுக் கால்பந்து சங்கத்தில் பதிவு செய்வது. அதில் பேசிய சம்பளத்தில் கால் பங்குதான் இருந்தது. மீதி முக்கால் பங்கு இரண்டாவது தாளில், "இமேஜ் உரிமை" என்ற பெயரில். என் முகத்தையும் பெயரையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கிளப் தரும் தொகையாம். எனக்கு என்ன இமேஜ் இருக்கிறது? என் பெயர் போட்ட ஜெர்சியை என் தங்கை ஒருத்திதான் வாங்கினாள். "வரி குறையும், எல்லா வெளிநாட்டு ஆட்டக்காரரும் இப்படித்தான் போடுகிறார்கள்" என்றார் ஏஜென்ட். அந்தத் தாள் எனக்குப் படிக்கத் தெரியாத மொழியில் இருந்தது. மொழிபெயர்ப்பு கேட்டதற்கு, "என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்றார். அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்ல முடியும்? போட்டேன்.

இமேஜ் தாளின் பணம் முதல் மாதம் மட்டும் வந்தது. சம்பளத் தாளின் பணம் மூன்று மாதம் ஒழுங்காக வந்தது. அக்டோபரில் ஓர் ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் பந்தைத் துரத்தி ஓடும்போது தொடையின் பின்னால் யாரோ கல்லால் அடித்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. ஹாம்ஸ்ட்ரிங் கிழிந்தவர்களுக்கு அந்த நொடி தெரியும்.

அதோடு சம்பளத் தாளும் ஊமையாகிவிட்டது. காயம் ஆறி டிசம்பரில் திரும்பியபோது அணியோடு பயிற்சி இல்லை, தனியாக ஓடச் சொன்னார்கள். லாக்கர் அறையில் என் இடத்தில் வேறு பெயர் ஒட்டியிருந்தது. சம்பளம் எங்கே என்று கேட்டால், "அடுத்த வாரம்." நானும் வாய்மூடிக் காத்திருந்தேன். சண்டை போட்டால் கெட்ட பெயர் வரும், கோச் மனம் மாறினால் எல்லாம் சரியாகும் என்று நினைத்தேன். என் மேல் எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான்.

2019 ஜனவரியில் நான்காவது நாட்டிலிருந்து ஒரு கிளப் கூப்பிட்டது. டிரான்ஸ்பர் விண்டோ, அதாவது கிளப் மாறிப் பதிவு செய்யும் காலம், மூட மூன்று நாள். பழைய கிளப்பின் அலுவலகத்தில் ஒரே ஒரு பக்கத் தாளை நீட்டினார்கள். "ஒப்பந்தத்தை இருவரும் சம்மதித்து முடித்துக்கொள்கிறோம். எனக்கு வரவேண்டிய எல்லாத் தொகையும் வந்து சேர்ந்தது. இனி எந்தக் கோரிக்கையும் இல்லை." இதில் கையெழுத்துப் போட்டால் இன்று மாலையே ஐ.டி.சி. போகும், இல்லாவிட்டால் ஜூன் வரை தனியாக ஓடு என்றார் மேனேஜர். ஐ.டி.சி. என்பது ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பதிவு மாற வேண்டிய சர்வதேசச் சான்றிதழ். அது இல்லாமல் புதிய கிளப்புக்கு ஆட முடியாது. ஏஜென்ட் தோளில் கை போட்டார். "போட்டுவிடு. பாக்கியை நான் பேசி வாங்கித் தருகிறேன்." சட்டைப்பையிலிருந்து பேனாவையும் எடுத்துக் கொடுத்தார்.

மூன்று மாதச் சம்பளமும் ஐந்து மாத இமேஜ் பணமும் அந்தக் கையெழுத்தோடு போயின. ஏஜென்டிடம் பாக்கியைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் அவர் விமானத்தில் இருந்தார். என்னை அங்கே சேர்த்ததற்காக அந்தக் கிளப்பிடமிருந்தும் அவருக்குக் கமிஷன் போயிருந்தது என்பதை, பின்னால் அங்கே கணக்குப் பார்த்தவர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். என்னிடம் வாங்கியது தனி.

நான்காவது நாட்டில் ஆட்டக்காரர் சங்கம் உருப்படியாக இருந்தது. ஒரு சக ஆட்டக்காரனுக்குத் துணையாக அவர்களுடைய வழக்கறிஞரைப் பார்க்கப் போய், என் கதையையும் சொன்னேன். 2021 மார்ச். அவர் கேட்ட முதல் கேள்வி: "பணம் நின்றது எப்போது?" தேதியைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஃபிஃபாவின் தகராறு தீர்வு மன்றம், சம்பவம் நடந்து இரண்டு ஆண்டு தாண்டினால் வழக்கை எடுக்காது. ஜனவரிக் கையெழுத்திலிருந்து எண்ணினாலும் நான் இரண்டு மாதம் தாமதம்.

அன்று அவர் சொன்னவற்றை எழுதி வைத்திருக்கிறேன். வெளிநாட்டுக் கிளப்போடு சம்பளத் தகராறு என்றால் ஆட்டக்காரன் அந்த மன்றத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. உரிய தேதியில் இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டாலே, குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் நோட்டீஸ் அனுப்பலாம். அதற்குப் பிறகும் தராவிட்டால் தகுந்த காரணத்தோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். 2018 ஜூனில் வந்த விதி இது, அதாவது நான் கையெழுத்துப் போடுவதற்கு ஒரு மாதம் முன்பு. (அந்த நாட்டில் கிளப்புகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் கூட்டு ஒப்பந்தம் இருந்தால் கணக்கு மாறலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.) வெளியேற வைப்பதற்காகக் கிளப் கொடுக்கும் தொல்லையும் முறிப்பதற்குக் காரணமாகும் என்பதும் அதே திருத்தத்தில் வந்ததுதான். டிசம்பரில் இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பியிருந்தால், ஜனவரியில் அந்த அறையில் என் நிலைமையே வேறு.

ஐ.டி.சி. விஷயம் இன்னும் கசப்பு. அதைக் கொடுப்பது கிளப் இல்லை, அந்த நாட்டின் கால்பந்து சங்கம். இலவசமாக, நிபந்தனை எதுவும் இல்லாமல் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஒப்பந்தக் காலம் மிச்சம் இருந்ததால் கிளப் மறுத்து இழுத்தடித்திருக்க முடியும், அது உண்மைதான். ஆனால் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வது வேறு, பணம் வந்துவிட்டது என்று எழுதிக் கொடுப்பது வேறு. "முடித்துக்கொள்கிறோம், பாக்கி இவ்வளவு, இந்தத் தேதிக்குள் தருவோம்" என்றும் எழுதலாம். அவர்களுக்கும் என் சம்பளச் சுமை இறங்க வேண்டும் என்ற அவசரம் இருந்தது. பேரம் பேசும் இடத்தில் நான் பிச்சை கேட்கும் ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

இமேஜ் தாளைப் பற்றி அவர் சொன்னதைக் கேட்டு இரண்டு நாள் தூங்கவில்லை. தனியாகப் போட்ட இமேஜ் ஒப்பந்தத்தை அந்த மன்றம் பெரும்பாலும் தன் அதிகாரத்துக்கு வெளியே என்று தள்ளிவிடும், ஏனென்றால் அது வேலை ஒப்பந்தம் இல்லை. அதாவது நான் முதல் மாதமே ஓடிப்போய் வழக்குப் போட்டிருந்தாலும் அந்த முக்கால் பங்கு கிடைப்பது சந்தேகம். தாள் அதற்காகவே இரண்டாகப் பிரிக்கப்பட்டது என்று நினைக்கிறேன். தீர்ப்புத் தொகையைக் கட்டாத கிளப்புக்கு மூன்று விண்டோ வரை புதிய ஆட்களைப் பதிவு செய்யத் தடை வரும். அதற்குக் கிளப்புகள் நிஜமாகவே பயப்படும். அந்தப் பயம் முதல் தாளுக்குத்தான்.

இப்போது வெளிநாட்டு வாய்ப்பு வந்திருக்கிற பையன்களுக்கு: சம்பளம் முழுவதும் பதிவாகிற ஒப்பந்தத்திலேயே வரட்டும். எழுதியிருக்கும் தொகை வரிக்கு முன்னா பின்னா என்று கேளுங்கள், என் முதல் நாட்டில் அந்த ஒரு சொல்லில் நல்ல தொகை போனது. படிக்கத் தெரியாத மொழியில் தாள் வந்தால் ஒரு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் தர மாட்டேன் என்கிற கிளப் சம்பளம் மட்டும் சரியாகத் தருமா? கையெழுத்தான பிரதியும் வங்கிக் கணக்கு விவரமும் உங்கள் கையில் இருக்கட்டும், ஏஜென்டின் கையில் மட்டும் இருந்தால் போதாது. சம்பளம் கேட்டு அனுப்புவதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். நான் கேட்டதெல்லாம் தாழ்வாரத்தில், வாயால். போய் இறங்கிய முதல் வாரமே அந்த நாட்டு ஆட்டக்காரர் சங்கத்தின் எண்ணை வாங்கிவிடுங்கள்.

ஏஜென்ட் விஷயம் கடைசி. நான் ஏமாந்த காலத்தில் ஃபிஃபா உரிமம் என்ற ஒன்றே இல்லை. 2015-இல் அதை எடுத்துவிட்டு, இடைத்தரகர் என்று பதிவு செய்தால் போதும் என்று விட்டிருந்தார்கள். 2023-இல் தேர்வோடு உரிமத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். புதிய விதிப்படி ஆட்டக்காரனோடு போடும் ஏஜென்ட் ஒப்பந்தம் இரண்டு ஆண்டைத் தாண்டக் கூடாது. உங்களுக்கும் உங்களை எடுக்கும் கிளப்புக்கும் ஒரே ஆள் வேலை பார்ப்பதென்றால் இருவரும் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் தர வேண்டும் என்றும் அதில் வைத்தார்கள். இந்தச் சம்மத விதியும் கமிஷனுக்கு வைத்த உச்சவரம்பும் நீதிமன்றத்தில் சிக்கி 2023 கடைசியில் நிறுத்தி வைக்கப்பட்டன, அது தனிக் கதை. உரிமம் வாங்கியவர்களின் பட்டியலை ஃபிஃபா எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுகிறது. பெயரைப் போட்டுத் தேட ஒரு நிமிடம் ஆகாது.

போன வாரம் அந்தச் செய்தி வந்த அன்று நானும் அவர் பெயரைப் போட்டுத் தேடினேன். எழுத்தை மாற்றி மாற்றி மூன்று முறை. இல்லை.